பாளையக் காவல் முதல் கணினிக் காவல் வரை

முன்னுரை

திருச்சியிலிருந்து ஜெயங்கொண்டம் வழியாகச் சிதம்பரம் செல்லும் சாலையில் உள்ள பழைய ஊர் உடையார்பாளையம். இன்று அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் ஒரு காலத்தில் பாளையக்காரர்களின் தலைமையிடமாக இருந்தது. பாளையம் என்றால் படை தங்கும் இடம் என்று பொருள். பக்கத்தில் உள்ள வாரியங்காவல் என்ற ஊரின் பெயரிலேயே "காவல்" என்னும் சொல் இருக்கிறது. அந்தக் காலத்துக் காவல் என்பது வேல்கம்பும் தீப்பந்தமும். இந்தக் காலத்துக் காவல் என்பது கடவுச்சொல்லும் கணினியும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். ஆனால் திருடனின் வழிகளும் காவலின் அடிப்படைகளும் பெரிதாக மாறவில்லை என்பதற்கு, உடையார்பாளையத்திலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் வரும் கும்பகோணத்தில் 2018-ஆம் ஆண்டு நடந்த ஒரு சம்பவமே சாட்சி.

பாளையக்காரர்களின் காவல் முறை

நாயக்கர் ஆட்சிக் காலத்தில் பாளையக்காரர்களுக்கு இரண்டு முக்கியக் கடமைகள் இருந்தன. ஒன்று, அரசர் கேட்கும்போது படை அனுப்புவது. மற்றொன்று, தங்கள் எல்லைக்குள் காவல் செய்வது. உடையார்பாளையம் ஜமீன்தார்கள் "காலாட்கள் தோழ உடையார்" என்ற பட்டத்தைக் கொண்டிருந்தனர். காலாட்படை வீரர்களின் தோழன் என்பது அதன் பொருள்.

காவலில் ஊர்க்காவல், திசைகாவல் எனப் பல வகைகள் இருந்தன. ஊர்க்காவல் என்பது ஒரு கிராமத்தின் வீடுகளையும் விளைச்சலையும் பாதுகாப்பது. திசைகாவல் என்பது ஒரு வட்டாரத்தையும் அதன் பாதைகளையும் பாதுகாப்பது. இதற்காக மக்கள் நெல்லாகவோ பணமாகவோ காவல் வரி கொடுத்தார்கள்.

இந்த முறையில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. காவலுக்குட்பட்ட இடத்தில் களவு போனால், காவல்காரர் அதைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் இழப்பை அவரே ஈடு செய்ய வேண்டும். ஆகவே களவு நடந்த செய்தி அவருக்கு எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. கால்தடம் அழிவதற்குள் போனால் மாட்டைப் பிடிக்கலாம். மறுநாள் மழை பெய்துவிட்டால் போனது போனதுதான்.

இந்த முறைக்கு இருண்ட பக்கமும் இருந்தது. காவல்காரரே களவுக்கு உடந்தையாக இருந்த சம்பவங்கள் உண்டு. தென் மாவட்டங்களில் "துப்புக்கூலி" என்ற வழக்கமும் இருந்தது. மாட்டைத் திருடியவர்கள், மாடு இருக்கும் இடத்தைச் சொல்ல இடைத்தரகர் மூலம் பணம் கேட்பார்கள். மாட்டின் சொந்தக்காரர் வேறு வழியின்றிப் பணத்தைக் கொடுத்துத் தன் மாட்டையே மீட்டு வருவார். இந்தத் துப்புக்கூலியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கட்டுரையின் பிற்பகுதியில் அது மீண்டும் வரும்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி பாளையக்காரர்களிடமிருந்து காவல் அதிகாரத்தை எடுத்துக்கொண்டது. பாளையக்காரர்கள் வெறும் ஜமீன்தார்கள் ஆனார்கள். காவல் அரசாங்கத்தின் வேலையானது.

பெட்டகத்திலிருந்து கணினிக்கு

காலப்போக்கில் மக்களின் செல்வம் களஞ்சியத்திலிருந்து வங்கிக்குப் போனது. 1904-ஆம் ஆண்டு "கும்பகோணம் பேங்க் லிமிடெட்" என்ற பெயரில் ஒரு வங்கி தொடங்கப்பட்டது. அதுவே பிற்காலத்தில் சில சிறு வங்கிகளையும் இணைத்துக்கொண்டு 1987-ல் சிட்டி யூனியன் பேங்க் என்ற பெயரைப் பெற்றது. தமிழ்நாட்டின் பழைய தனியார் வங்கிகளுள் இதுவும் ஒன்று.

வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்திற்கு வங்கிகள் முதலில் தந்தியையும் டெலக்ஸையும் நம்பியிருந்தன. இதை மாற்ற 1973-ல் 15 நாடுகளைச் சேர்ந்த 239 வங்கிகள் சேர்ந்து பெல்ஜியத்தில் "ஸ்விப்ட்" என்ற கூட்டமைப்பை உருவாக்கின. 1977-ல் அது இயங்கத் தொடங்கியது. ஸ்விப்ட் பணத்தை அனுப்புவதில்லை. "இன்னாருக்கு இவ்வளவு கொடுங்கள்" என்ற செய்தியை மட்டுமே அனுப்புகிறது. ஆனால் அந்தச் செய்தியை மறுமுனையில் உள்ள வங்கி நம்புகிறது. நம்பிப் பணம் கொடுக்கிறது. அதாவது ஸ்விப்ட் கணினியில் உட்கார்ந்து செய்தி அனுப்ப முடிந்தவனுக்குப் பெட்டகத்தை உடைக்க வேண்டிய அவசியமே இல்லை.

டாக்கா, 2016

கும்பகோணத்துச் சம்பவத்தைப் புரிந்துகொள்ள அதற்கு இரண்டு வருடம் முன்பு பங்களாதேஷில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2016 பிப்ரவரி 4, வியாழக்கிழமை இரவு. பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குள் ஏற்கனவே நுழைந்திருந்த திருடர்கள், நியூயார்க்கில் உள்ள அமெரிக்க மத்திய வங்கிக் கிளைக்கு 35 உத்தரவுகளை அனுப்பினார்கள். மொத்தத் தொகை 95 கோடி டாலர். பங்களாதேஷில் வெள்ளிக்கிழமை வார விடுமுறை. டாக்கா விழிக்கும்போது நியூயார்க்கில் சனி, ஞாயிறு விடுமுறை. பணம் போய்ச் சேர வேண்டிய பிலிப்பைன்ஸில் திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு விடுமுறை. திருடர்கள் காலண்டரைப் பார்த்துத் தேதி குறித்திருந்தார்கள்!

அதோடு நிற்கவில்லை. ஸ்விப்ட் செய்திகளை உடனுக்குடன் அச்சிடும் பிரிண்டரையும் வேலை செய்யாமல் ஆக்கியிருந்தார்கள். ஊழியர்கள் அதை வழக்கமான கோளாறு என்றே நினைத்தார்கள்.

35 உத்தரவுகளில் 30 நிறுத்தப்பட்டன. 5 நிறைவேறின. 8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலாவுக்குப் போய், அங்குள்ள சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. 2 கோடி டாலர் இலங்கையில் உள்ள ஓர் அறக்கட்டளையின் பெயருக்குப் போனது. ஆனால் "பவுண்டேஷன்" என்ற சொல்லில் இருந்த எழுத்துப்பிழையைக் கண்டு இடையில் இருந்த டாய்ச்சு வங்கி விளக்கம் கேட்டது. அந்தப் பணம் திரும்பி வந்தது. ஒருவர் எழுத்துக்கூட்டிப் படித்ததால் 2 கோடி டாலர் மிஞ்சியது!

இந்தக் கொள்ளை தொடர்பாக அமெரிக்க அரசு 2018 செப்டம்பரில் வட கொரியாவைச் சேர்ந்த ஒருவர் மீது குற்றம் சாட்டியது.

கும்பகோணம், 2018

2018 பிப்ரவரி 7 காலை. சிட்டி யூனியன் வங்கியில் முந்தைய நாள் கணக்குகளைச் சரிபார்க்கும் வழக்கமான வேலை நடந்தது. வங்கியிலிருந்து யாரும் அனுப்பாத 3 பணப் பரிமாற்றங்கள் ஸ்விப்ட் வழியாகப் போயிருப்பது அப்போது தெரிய வந்தது. மொத்தம் ஏறக்குறைய 20 லட்சம் டாலர்.

1. 5 லட்சம் டாலர், ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கியின் நியூயார்க் கிளை வழியாகத் துபாய்க்கு. இது உடனே தடுக்கப்பட்டுத் திரும்பக் கிடைத்தது.
2. 3 லட்சம் யூரோ, அதே வங்கியின் பிராங்பர்ட் கிளை வழியாகத் துருக்கிக்கு. துருக்கியில் உள்ள வங்கி அதை முடக்கியது.
3. 10 லட்சம் டாலர், பேங்க் ஆப் அமெரிக்காவின் நியூயார்க் கிளை வழியாகச் சீனாவுக்கு. அங்கே போலி ஆவணங்களைக் காட்டிப் பணத்தை எடுத்துவிட்டார்கள்.

இங்கும் முதல் நாளே ஸ்விப்ட்டோடு இணைந்த பிரிண்டர் முடக்கப்பட்டிருந்தது. இது சர்வதேசக் கணினிக் குற்றவாளிகளின் தாக்குதல் என்று வங்கியின் நிர்வாக இயக்குநராக இருந்த என். காமகோடி அறிவித்தார்.

டாக்காவிலும் கும்பகோணத்திலும் திருடர்கள் பிரிண்டரை ஏன் குறிவைத்தார்கள்? பிரிண்டரில் பணம் இல்லை. ஆனால் அதிலிருந்து வரும் காகிதத்தை யாராவது ஒருவர் எடுத்துப் படித்துவிடுவார். படித்துவிட்டால் தொலைபேசியை எடுப்பார். திருடர்களுக்குத் தேவைப்பட்டது பணம் கைமாறும் வரையிலான சில மணி நேரம். அந்த நேரத்தை வாங்கவே பிரிண்டரை நிறுத்தினார்கள்.

டாக்காவில் திருடர்களுக்கு ஏறக்குறைய நான்கு நாட்கள் கிடைத்தன. கும்பகோணத்தில் ஓர் இரவுதான் கிடைத்தது. மறுநாள் காலையிலேயே கணக்குப் பார்த்ததால் மூன்றில் இரண்டு தடுக்கப்பட்டன. காவல்காரர் கால்தடம் அழிவதற்குள் போய்விட்டார் எனலாம்.

வேலியே பயிரை மேய்ந்தால்

அதே 2018 பிப்ரவரியில் பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடியும் வெளியே வந்தது. மும்பை பிராடி ஹவுஸ் கிளையில் பல ஆண்டுகளாக ஸ்விப்ட் வழியாக உறுதிக் கடிதங்கள் அனுப்பப்பட்டன. வங்கியின் மையக் கணக்கு மென்பொருளில் அவை பதிவாகவே இல்லை. இரண்டும் இணைக்கப்படாமல் தனித்தனியாக இருந்ததுதான் காரணம். இழப்பு 13,000 கோடி ரூபாயைத் தாண்டியது. இங்கே ஹேக்கர் யாரும் வெளியிலிருந்து வரவில்லை. உள்ளே இருந்தவர்களே செய்தார்கள். பாளையக் காலத்தில் காவல்காரரே களவுக்கு உடந்தையாக இருந்த கதைதான் இது.

ஸ்விப்ட் தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்று 2016 ஆகஸ்ட் முதல் குறைந்தது மூன்று முறை வங்கிகளை எச்சரித்திருந்ததாக ரிசர்வ் வங்கி தெரிவித்தது. 2018 ஏப்ரல் 30-க்குள் ஸ்விப்டை மையக் கணக்கோடு இணைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. 2019 மார்ச்சில், ஸ்விப்ட் தொடர்பான விதிகளைப் பின்பற்றாததற்காக 36 வங்கிகளுக்கு மொத்தம் 71 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

இடையில் 2018 ஆகஸ்டில் புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கி 94 கோடி ரூபாயை இழந்தது. பெரும்பகுதி 28 நாடுகளில் போலி ஏ.டி.எம். அட்டைகள் மூலம் சில மணி நேரத்தில் எடுக்கப்பட்டது. அன்று ஆகஸ்ட் 11, சனிக்கிழமை. மாதத்தின் இரண்டாவது சனி என்பதால் வங்கிகளுக்கு விடுமுறை. மறுபடியும் காலண்டர்!

வங்கிகள் மட்டுமல்ல

கூடங்குளம்: 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் தீநிரல் கண்டுபிடிக்கப்பட்டது. முதலில் அப்படியொரு தாக்குதல் சாத்தியமே இல்லை என்று மறுக்கப்பட்டது. அடுத்த நாளே, அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் அதை ஒப்புக்கொண்டது. அணு உலையை இயக்கும் கணினிகள் தனி வலையமைப்பில் இருந்ததால் அவை பாதிக்கப்படவில்லை என்றும் விளக்கியது. இதில் இரண்டு பாடங்கள். முக்கியமான கணினிகளைத் தனியாகப் பிரித்து வைத்தது காப்பாற்றியது. முந்தைய நாள் மறுத்ததோ மக்களின் நம்பிக்கையைக் குறைத்தது.

டெல்லி எய்ம்ஸ்: 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் 5 சர்வர்கள் பாதிக்கப்பட்டன. சுமார் 1.3 டெராபைட் தகவல்கள் பூட்டப்பட்டன. நோயாளிகளின் சீட்டு முதல் பரிசோதனை முடிவு வரை எல்லாம் ஏறக்குறைய இரண்டு வாரங்கள் கையால் எழுதப்பட்டன. பாதிக்கப்படாத ஒரு காப்பு சர்வரில் இருந்து நோயாளிகள் தகவல் மீட்கப்பட்டது.

இவ்வாறு தகவலைப் பூட்டிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்கும் நிரலை "ரான்சம்வேர்" என்கிறார்கள். பழைய துப்புக்கூலியேதான் இது. அன்று மாடு, இன்று தகவல். பணம் கொடுத்தாலும் மாடு திரும்பி வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. கொடுத்த செய்தி பரவினால் அடுத்த மாடும் போகும்.

சிறு வங்கிகள்: 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் என்ற நிறுவனம் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானது. பல கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் கணினிச் சேவை தருவது இந்த நிறுவனமே. பாதிப்பு பரவாமல் இருக்க, சுமார் 300 சிறு வங்கிகளின் யு.பி.ஐ. போன்ற பணப் பரிமாற்றங்கள் ஒரு நாள் அளவுக்குத் துண்டிக்கப்பட்டன. அந்த வங்கிகள் எந்தத் தவறும் செய்யவில்லை. அவை நம்பியிருந்த நிறுவனத்தில்தான் ஓட்டை. சின்ன ஊரில் இருக்கிறோம், நம்மை யார் பார்க்கப் போகிறார்கள் என்று உடையார்பாளையத்துக் கூட்டுறவுச் சங்கமோ, ஜெயங்கொண்டத்துப் பட்டுக் கடையோ நினைக்க முடியாது என்பதற்கு இதுவே உதாரணம்.

ஹாங்காங்: 2024 தொடக்கத்தில் அரூப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் ஊழியர் ஒருவர் வீடியோ கூட்டத்தில் தன் மேலதிகாரியைப் பார்த்தார், குரலைக் கேட்டார். சொன்னபடி 15 தவணைகளில் ஏறக்குறைய 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். கூட்டத்தில் இருந்த முகங்கள் எல்லாம் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட போலிகள். முகத்தையும் குரலையும் வைத்து ஆளை நம்பிய காலம் முடிந்துவிட்டது.

நிறுவனங்கள் என்ன செய்யலாம்?

மேலே கண்ட சம்பவங்களில் இருந்தே பதில்களை எடுக்கலாம். எல்லாவற்றின் நோக்கமும் ஒன்றுதான்: திருடனுக்கு நேரம் கிடைக்காமல் செய்வது.

1. தினமும் கணக்குப் பார்த்தல். அனுப்பியதும் போனதும் ஒத்துப் போகிறதா என்று ஒவ்வொரு நாளும் ஒருவர் சரிபார்க்க வேண்டும். அவர், அனுப்பியவராக இருக்கக் கூடாது. விடுமுறை நாட்களுக்கும் முறை வைக்க வேண்டும்.

2. சிறு கோளாறையும் விசாரித்தல். பிரிண்டர் நின்றால், மின்னஞ்சல் திறக்காவிட்டால், "சிஸ்டம் பிராப்ளம்" என்று விட்டுவிடாமல் ஏன் என்று கேட்க வேண்டும்.

3. இரண்டு பேர், இரண்டு வழி. பெரிய தொகையை ஒருவர் மட்டும் அனுப்ப முடியாதபடி வைக்க வேண்டும். மின்னஞ்சலில் வந்த உத்தரவை, ஏற்கனவே தெரிந்த எண்ணில் கூப்பிட்டு உறுதி செய்ய வேண்டும். கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பும் இருக்க வேண்டும்.

4. ஓட்டையை உடனே அடைத்தல். 2017 மே 12 அன்று உலகையே உலுக்கிய "வான்னாகிரை" நிரல் பயன்படுத்திய ஓட்டைக்கு, மைக்ரோசாப்ட் மார்ச் 14-ஆம் தேதியே திருத்தம் வெளியிட்டிருந்தது. ஏறக்குறைய இரண்டு மாதம் கையில் இருந்தும் பலர் அதை நிறுவவில்லை.

5. பிரித்து வைத்தல். மின்னஞ்சல் பார்க்கும் கணினியும் பணம் அனுப்பும் கணினியும் ஒரே வலையமைப்பில் இருக்கக் கூடாது.

6. நகல் வைத்தல். முக்கியத் தகவலின் ஒரு நகலாவது எந்த வலையமைப்பிலும் சேராமல் தனியாக இருக்க வேண்டும். அதிலிருந்து மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதிக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான்.

7. சொல்லப் பயப்படாத சூழல். தவறான இணைப்பைத் தட்டிவிட்ட ஊழியர் வேலை போய்விடும் என்று பயந்து மறைத்தால், திருடனுக்கு இலவசமாக நேரம் கிடைக்கிறது. ஓடி வந்து சொல்பவரைப் பாராட்ட வேண்டும்.

8. உடனே தெரிவித்தல். செர்ட்-இன் என்ற மத்திய அரசு அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அதனிடம் தெரிவிக்க வேண்டும். பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். இத்தகைய எண்களைக் காகிதத்தில் எழுதி ஒட்டி வைப்பது நல்லது. கணினி பூட்டப்பட்ட பிறகு கணினியில் தேட முடியாது.

இழப்பு யாருடையது?

பாளையக் காவலில், இழப்பைக் காவல்காரர் ஏற்க வேண்டும் என்ற விதி இருந்தது. கணினிக் காலத்திலும் அந்தக் கேள்வி வந்தது. 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை அதற்கு ஒரு விடை சொன்னது. வங்கியின் குறையால் பணம் போனால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை. இருவர் மீதும் தவறில்லாமல் வேறெங்கோ ஓட்டை இருந்து, வாடிக்கையாளர் 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தாலும் பொறுப்பில்லை. அவரே ரகசிய எண்ணைக் கொடுத்து ஏமாந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை உள்ள இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு ஏற்படுவது வங்கியுடையது. இங்கும் நேரம்தான் எல்லைக்கோடு.

2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதே வழியில் செல்கிறது. மக்களின் தகவலைச் சரியாகப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அது இடம் தருகிறது. காவல் வரி வாங்கியவர் காவலுக்குப் பொறுப்பு என்ற பழைய நியாயம் மீண்டும் எழுத்தில் வந்திருக்கிறது.

முடிவுரை

எவ்வளவு உயரமாகச் சுவர் கட்டினாலும் ஏறி வருபவர்கள் இருப்பார்கள். கும்பகோணத்து வங்கியில் அவர்கள் ஏறித்தான் வந்தார்கள். ஆனால் அடுத்த நாள் காலையில் யாரோ ஒரு ஊழியர் வழக்கம்போலக் கணக்கைத் திறந்து வரிவரியாகப் பார்த்தார். விலையுயர்ந்த மென்பொருள் வாங்க எல்லா நிறுவனங்களாலும் முடியாது. தினமும் கணக்குப் பார்க்கவும், சந்தேகம் வந்தால் உடனே குரல் கொடுக்கவும் பள்ளி அலுவலகம் முதல் கூட்டுறவுச் சங்கம் வரை எல்லோராலும் முடியும். அதற்கு விழிப்புள்ள ஒரு ஆளும், அவர் சொன்னால் காது கொடுக்கும் ஒரு நிர்வாகமும் இருந்தால் போதும்.